கரன்ட் எங்கே போகுது? சர்க்யூட் பாடம் பிறந்த கதை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு என் சித்தி பையன் போன் பண்ணினான். முதல் வருஷ இன்ஜினீயரிங், ட்ரிபிள் ஈ. "அண்ணா, நாளைக்கு சர்க்யூட் இன்டர்னல். ஃபார்முலா எல்லாம் மனப்பாடமா தெரியும். ஆனா படத்தைப் பார்த்தா கரன்ட் எங்கே போகுதுன்னே தெரியல. எனக்கு இது வராது போல. டிபார்ட்மென்ட் மாத்திக் குடுப்பாங்களான்னு விசாரிச்சுட்டு இருக்கேன்" என்றான்.

நானும் அதே பேப்பரில் அரியர் வைத்தவன்தான். அதனால் அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி தூங்கவிடவில்லை. கரன்ட் எங்கே போகுது? இதே கேள்வியை ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கேட்டார். அவரும் முதல் தடவை தப்பான விடைதான் எழுதினார். எழுதினதோடு நிற்கவில்லை, அதை அச்சிலும் போட்டுவிட்டார்.

இன்றைக்கு அவரோட கதையும், அவருக்குப் பின்னாடி வந்த சிலரோட கதையும். அதற்கு முன்னாடி ஒரு சின்னப் புதிர். பேப்பர் பேனா இருந்தா எடுத்துக்கோங்க. வண்டி ஓட்டிட்டு இருந்தா வேண்டாம், மனசுக்குள்ளேயே வரைஞ்சுக்கலாம்.

மூன்று பேட்டரி, எல்லாம் ஒரே மாதிரி. ஐந்து பல்பு, அதுவும் ஒரே மாதிரி. முதல் பேட்டரியோடு ஒரே ஒரு பல்பு, அதற்கு 1 என்று பேர். இரண்டாவது பேட்டரியோடு 2, 3 என இரண்டு பல்பு, ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது சீரிஸில். மூன்றாவது பேட்டரியோடு 4, 5 என இரண்டு பல்பு, பக்கத்துப் பக்கத்தில், பேரலலில். எது அதிக வெளிச்சம், எது கம்மி? வரிசைப்படுத்துங்க. கணக்கு போட வேண்டாம். விடையைக் கடைசியில் சொல்றேன்.

இப்போ அந்த வாத்தியார். கேயார்க் சீமோன் ஓம். 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் பிறந்தவர். அப்பா பூட்டு செய்கிற தொழிலாளி. பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாவிட்டாலும் தானாகவே கணிதம் படித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்த மனுஷன். ஓம் 1817-ல் கொலோன் நகரத்துப் பள்ளி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார். அங்கே ஒரு நல்ல லேப் இருந்தது. வகுப்பு முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்.

அவர் கேள்வி எளிமையானது. ஒரே பேட்டரியில் நீளமான கம்பியை மாட்டினால் கரன்ட் எவ்வளவு குறையும்? அப்போ அம்மீட்டர் கிடையாது. கரன்ட் போகும் கம்பிக்கு மேலே ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பார்கள். கம்பியின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, 1825-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் இருந்தது ஒரு லாகரிதம் ஃபார்முலா. இன்றைக்கு எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. ஏன்னா அது தப்பு.

எங்கே தப்பியது? கணக்கில் இல்லை. பேட்டரியில். அந்தக் காலத்து வோல்ட்டா செல்லை இணைத்த உடனே கரன்ட் குபீரென்று வரும், கொஞ்ச நேரத்தில் சரிந்துவிடும். அவர் கம்பியை மாற்றி, ஊசி நிலைக்கு வருவதற்குள் பேட்டரியே வேறு பேட்டரியாக மாறியிருக்கும். இங்கே கொஞ்சம் நில்லுங்க. நம்ம புத்தகத்தில் ஒரு வட்டம் போட்டு, ப்ளஸ் மைனஸ் குறித்து, பக்கத்தில் பத்து வோல்ட் என்று எழுதிவிடுகிறோம். அந்த வட்டம் எப்பவுமே பத்து வோல்ட்தான் கொடுக்கும் என்று யாரோ நமக்கு சத்தியம் செய்து கொடுத்த மாதிரி நம்பிவிடுகிறோம். ஓமுக்கு அந்த வட்டம் கிடைக்கவில்லை. அதை அவரே உருவாக்க வேண்டியிருந்தது.

வழி சொன்னவர் போக்கெண்டார்ஃப், அந்த ஆய்விதழின் ஆசிரியர். பேட்டரியை விட்டுவிட்டு தெர்மோகப்பிளைப் பயன்படுத்திப் பாருங்கள் என்றார். இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து, ஒரு சந்திப்பைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் வரும். சீபெக் அதைக் கண்டுபிடித்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் எடுத்தார். ஒரு முனை கொதிக்கிற தண்ணீரில், இன்னொரு முனை பனிக்கட்டியில். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும் வரை, பனிக்கட்டி உருகி முடியாத வரை, அந்த வித்தியாசம் அசையாது. பேட்டரி இல்லாமலேயே அவருக்கு ஒரு நிலையான சோர்ஸ் கிடைத்துவிட்டது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வெந்நீரும் ஐஸும் வைத்து, நம்ம புத்தகத்தில் இருக்கிற அந்த வட்டத்தை ஒரு மனுஷன் நிஜமாகவே செய்து காட்டினார்.

இரண்டு அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை எட்டு செம்புக் கம்பிகள். ஒவ்வொன்றாக மாட்டி அளந்தார். 1826-ல் வந்த விடை இது: கரன்ட் என்பது 'அ' என்ற எண்ணை, 'ஆ' கூட்டல் கம்பியின் நீளம் என்பதால் வகுத்தால் கிடைப்பது. 'அ' என்பது சோர்ஸின் பலம். கொதிநீரை எடுத்துவிட்டு அறை வெப்பநிலையில் வைத்துப் பார்த்தார், 'அ' மாறியது, 'ஆ' மாறவில்லை. அப்படியானால் 'ஆ' என்ன? சோர்ஸுக்குள்ளேயே, மற்ற இணைப்புகளிலேயே இருக்கிற தடை. கம்பியே மாட்டாவிட்டாலும் இருக்கிற தடை.

கவனிச்சீங்களா? இது நாம் பத்தாம் வகுப்பில் படித்த 'வி ஈக்வல்ஸ் ஐஆர்' இல்லை. ஓம் முதலில் எழுதியது ஒரு தனி ரெசிஸ்டரைப் பற்றிய விதியே இல்லை. ஒரு முழு சர்க்யூட்டைப் பற்றிய விதி. இந்த வடிவத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இன்னொருத்தர் பேரில் திரும்பி வரும்.

1827-ல் இதையெல்லாம் கணிதமாக விரித்து ஒரு புத்தகம் எழுதினார். பெரிய பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்தது குளிர்ந்த வரவேற்பு. கொலோன் வேலையை விட்டுவிட்டார். சில வருஷம் பெர்லினில் சின்னச் சின்ன வேலைகள், 1833-ல் நியூரம்பர்க்கில் ஒரு பாலிடெக்னிக்கில் பணி. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி மெடல் கொடுத்தது. அவர் கேட்ட மாதிரியான இயற்பியல் பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852-ல் கிடைத்தது. 1854-ல் இறந்துவிட்டார்.

ஒரு சின்ன கிளைக்கதை. ஓமுக்கு நாற்பத்தைந்து வருஷம் முன்னாடியே, 1781-ல், இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் இதே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அவரிடம் இருந்த மீட்டர் அவர் உடம்புதான். உப்புத்தண்ணீர் நிரப்பிய குழாய்கள் வழியாக ஷாக்கைத் தன் மேலே வாங்கிக்கொண்டு, இது பெருசா அது பெருசா என்று ஒப்பிட்டார். யாரிடமும் சொல்லாமல் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1879-ல், மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தார். பதிப்பிக்கும்போது, உடம்பு அவ்வளவு நல்ல மீட்டரா என்று பார்க்க, லேபுக்கு வந்த விருந்தாளிகளையும் ஷாக் வாங்க வைத்தாராம். விருந்தோம்பல்!

சரி, அடுத்த ஆள் ஒரு மாணவர். குஸ்டாஃப் கிர்ஹாஃப். ட்ரிபிள் ஈ படிக்கிற ஒவ்வொருத்தரும் கேசிஎல், கேவிஎல் என்று சொல்கிற அந்த 'கே'. படத்தில் பார்த்தால் தாடி வைத்த பெரியவராக இருப்பார். ஆனால் அந்த விதிகளை 1845-ல் வெளியிட்டபோது அவருக்கு 21 வயது. கூனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் நோய்மன் என்ற பேராசிரியர் ஒரு செமினார் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே மாணவர்கள் பாடம் கேட்பதோடு நிற்கக்கூடாது, ஒரு கேள்வியை எடுத்து அளந்து, கணக்குப் போட்டு எழுதிக் கொண்டுவர வேண்டும். கிர்ஹாஃப் எடுத்தது வட்டமான ஒரு உலோகத் தகட்டில் மின்சாரம் எப்படிப் பரவும் என்பது. நம்ம இரண்டு விதிகளும் அந்தக் கட்டுரையின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு மாதிரி வருகின்றன. ஒரு சந்திப்புக்குள் வருகிற கரன்ட் எல்லாம் வெளியே போயாக வேண்டும். ஒரு லூப்பைச் சுற்றி வந்தால் வோல்டேஜ் கணக்கு நேராக வேண்டும். அவ்வளவுதான்.

என்னைப் பொறுத்தவரை அவரோட நிஜமான பரிசு இரண்டு வருஷம் கழித்து, 1847-ல் வந்தது. சர்க்யூட் வகுப்பில் தோற்ற எல்லோரும் அந்தக் கட்டுரையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் விளக்கறேன்.

வீட்ஸ்டன் பிரிட்ஜ் ஞாபகம் இருக்கா? டைமண்ட் வடிவத்தில் நான்கு ரெசிஸ்டர், நடுவில் குறுக்கே ஒரு கால்வனாமீட்டர், மேலிருந்து கீழே ஒரு பேட்டரி. இதைக் கண்டுபிடித்தவர் வீட்ஸ்டன் இல்லை, சாமுவேல் கிறிஸ்டி, 1833-ல். வீட்ஸ்டன் 1843-ல் இதைப் பிரபலப்படுத்தினார், கிறிஸ்டியின் பேரையும் ஒழுங்காகச் சொன்னார். உலகம் கேட்கவில்லை.

இந்தப் பிரிட்ஜில் கிளைகள் ஆறு. ஆகவே தெரியாத கரன்ட் ஆறு. ஆறு சமன்பாடு வேண்டும். சந்திப்புகள் நான்கு. எங்கே பார்த்தாலும் லூப். எண்ணிப் பாருங்க, மொத்தம் ஏழு லூப் வரையலாம். நான் என்ன செய்வேன் தெரியுமா? கையில் சிக்கிய ஆறு சமன்பாட்டை எழுதுவேன். மூன்று பக்கம் அடித்துத் திருத்தி, கடைசியில் பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று வரும். என் மூளையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வேன். ஒரு சமன்பாடும் தப்பில்லை. ஆனால் ஒன்று மற்றவற்றைக் கூட்டினால் கிடைப்பதாக இருந்திருக்கும். புதுசாக எதுவும் சொல்லாத சமன்பாடு.

எத்தனை சமன்பாடு நிஜமாகவே புதுசு? அதைத்தான் 1847-ல் கிர்ஹாஃப் நிரூபித்தார். லூப் சமன்பாடுகளில் தேவையானவை, கிளைகளின் எண்ணிக்கையிலிருந்து சந்திப்புகளைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் வருவது. பிரிட்ஜுக்கு ஆறு கழித்தல் நான்கு கூட்டல் ஒன்று, மூன்று. சந்திப்பு சமன்பாடுகளில் ஒன்றைத் தவிர மீதி எல்லாம், அதாவது இன்னொரு மூன்று. மொத்தம் ஆறு. கணக்கு சரியாக முடிகிறது. இதை நிரூபிக்க, லூப்பே இல்லாமல் எல்லாச் சந்திப்பையும் தொடுகிற கிளைகளை மட்டும் வைத்து யோசித்தார். இன்று கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர்கள் ஸ்பானிங் ட்ரீ என்று சொல்கிறார்களே, அதேதான். அவங்க பாடத்துக்கும் நம்ம பாடத்துக்கும் கொள்ளுத்தாத்தா ஒருத்தர்தான்.

இதெல்லாம் சரி, வோல்டேஜ் என்றால் என்ன என்று அப்போது தெளிவாகத் தெரியுமா? அதுதான் வேடிக்கை. ஓம் தன் புத்தகத்தில் வைத்திருந்த கருத்து கொஞ்சம் குழப்பமானது. அது நிலைமின்னியலில் அதுவரை தெரிந்த விஷயங்களோடு பொருந்தவில்லை. அதையும் இதையும் ஒன்றாக்கி, இரண்டு பக்கமும் ஒரே பொட்டென்ஷியல்தான் என்று சொன்னவர் அதே கிர்ஹாஃப், 1849-ல். அதாவது ஓமின் புத்தகம் வந்து 22 வருஷம் கழித்து. விதியைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டே, அதில் இருக்கிற ஒரு எழுத்துக்கு அர்த்தம் என்ன என்று உலகத்தின் பெரிய மூளைகள் 22 வருஷம் தடுமாறியிருக்கின்றன. நமக்கு ஒரு செமஸ்டர் கொடுக்கிறார்கள்.

ஆறு தெரியாத எண்களோடு மல்லுக்கட்டுவது யாருக்கும் பிடிக்காது. மேக்ஸ்வெல்லுக்கும் பிடிக்கவில்லை. கேம்பிரிட்ஜில் அவர் கடைசியாக நடத்திய வகுப்புகளில் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக ஒரு கரன்ட் வைக்காதே. சர்க்யூட்டை ஜன்னல் ஜன்னலாகப் பார். ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் ஒரு கரன்ட் சுற்றி வருவதாக வைத்துக்கொள். இரண்டு ஜன்னலுக்கு நடுவில் இருக்கிற கம்பியில் ஓடுவது இரண்டின் வித்தியாசம். பிரிட்ஜில் ஆறு தெரியாத எண்கள் மூன்றாகிவிடும். சந்திப்பு விதி தானாகவே நிறைவேறிவிடும். நாம் மெஷ் அனாலிசிஸ் என்று படிப்பது இதைத்தான்.

இது அவரோட பெரிய புத்தகத்தின் முதல் பதிப்பில் இல்லை. வகுப்பில்தான் சொன்னார். அந்த வகுப்பில் எத்தனை பேர்? கை விரல் விட்டு எண்ணிவிடலாம். மின்காந்தவியலின் பிதாமகர் பாடம் நடத்துகிறார், எதிரே இரண்டு மூன்று பேர். அதில் ஒருத்தர் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங். ஆமா, இடது கை விதி ஃபிளெமிங்தான். பின்னாளில் 1904-ல் வேக்குவம் டியூப் டையோடு செய்யப்போகிறவர். ஒழுங்காக நோட்ஸ் எடுத்தார். மேக்ஸ்வெல் 1879 நவம்பரில் இறந்துவிட்டார். ஃபிளெமிங் 1885-ல் அந்த முறையை எழுதி வெளியிட்டார். மேக்ஸ்வெல் புத்தகத்தின் பின்னால் வந்த பதிப்பிலும் அது ஃபிளெமிங்கின் நோட்ஸிலிருந்து சேர்க்கப்பட்டது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுக்கிற நண்பனை கிண்டல் பண்ணாதீங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போ பாரிஸ். லியோன் தெவனின். பெரிய விஞ்ஞானி கிடையாது, தந்தித் துறை அரசு ஊழியர். 1882 முதல் தந்தித் துறையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிற பொறுப்பு வந்தது. நேராக கிர்ஹாஃபைச் சொன்னால் மாணவர்கள் சமன்பாடுகளில் மூழ்கிவிடுகிறார்கள். ஒரு தந்தி இன்ஜினீயருக்கு வேண்டியதோ பெரும்பாலும் ஒரே ஒரு எண். இந்த இரண்டு முனைக்கு நடுவில் ஒரு கருவியை மாட்டினால் அதில் எவ்வளவு கரன்ட் போகும்? மற்ற கிளைகளில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தேவையே இல்லை.

1883-ல் அவர் வெளியிட்ட விடை இதுதான். மாட்டுவதற்கு முன்னாடி அந்த இரண்டு முனைக்கு நடுவில் இருக்கிற வோல்டேஜை எடு. அந்த இரண்டு முனையிலிருந்து பார்த்தால் உள்ளே தெரிகிற தடையை எடு. மாட்டப்போகும் கருவியின் தடையை அதோடு கூட்டு. முதல் எண்ணை இந்தக் கூட்டுத்தொகையால் வகு. முடிந்தது. உள்ளே பத்து ரெசிஸ்டர் இருந்தாலும் நூறு இருந்தாலும் வெளியே தெரிவது ஒரு சோர்ஸ், ஒரு தடை. பிரிட்ஜ் கணக்கில் ஆறு தெரியாத எண்கள் மேக்ஸ்வெல்லிடம் மூன்றானது, தெவனினிடம் ஒன்றே ஒன்றாகிவிட்டது.

அந்த வடிவத்தை மறுபடி பாருங்க. மேலே சோர்ஸின் பலம். கீழே உள்தடை கூட்டல் வெளித்தடை. ஓம் 1826-ல் எட்டுச் செம்புக் கம்பியை வைத்து எழுதியது இதையேதான். அவரிடம் ஒரு பிஸ்மத் துண்டு இருந்தது, தெவனினிடம் எந்தச் சிக்கலான வலைப்பின்னல் வேண்டுமானாலும் இருக்கலாம். இதை யாராவது எனக்கு முதல் வருஷத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியிருந்தால், ஓம்ஸ் லா பத்தாம் வகுப்பு விஷயம், தெவனின் பெரிய விஷயம் என்று பயந்திருக்க மாட்டேன்.

தெவனினுக்கே தெரியாத ஒன்று, இதே தேற்றத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே எழுதியிருந்தார். அதுவும் கிர்ஹாஃப் படித்த அதே கூனிக்ஸ்பர்க்கில் இருந்தபோது. அவர் அப்போ உடலியல் பேராசிரியர், தசையிலும் நரம்பிலும் ஓடுகிற மின்சாரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். தந்தித் துறைக்காரர் யார் அதைப் போய்ப் படிக்கப்போகிறார்கள்? தெவனின் பிரபலமாகவும் ஆசைப்படவில்லை. வயலின் வாசிப்பார், ஆற்றில் மீன் பிடிப்பார். 1926-ல் இறந்தார். குடும்பத்தார் மட்டும் கூட வந்தால் போதும், பெட்டி மேல் தன் தோட்டத்து ரோஜா ஒன்றை வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அதே 1926 நவம்பரில் இதன் மறுபாதி வந்தது. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் எட்வர்ட் நார்ட்டன் ஒரு உள் அறிக்கையில், வோல்டேஜ் சோர்ஸுக்குப் பதில் கரன்ட் சோர்ஸ் வைத்தும் இதைச் சொல்லலாம் என்று எழுதினார். அதே மாசம் ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தின் ஹான்ஸ் ஃபெர்டினாண்ட் மேயர் அதையே அச்சில் வெளியிட்டார். இந்த மேயர் சாதாரண ஆள் இல்லை. 1939 நவம்பரில் ஆஸ்லோவுக்குப் போனபோது, ஹிட்லர் ராணுவத்தின் ரேடார், ராக்கெட் ரகசியங்களை டைப் அடித்து, பேர் போடாமல் பிரிட்டிஷ் தூதரகத்துக்கு அனுப்பியவர். 1943-ல் பிபிசி கேட்டார் என்ற காரணத்துக்காகக் கைதாகி வதைமுகாம்களில் கிடந்து, உயிரோடு மீண்டார். ஆஸ்லோ ரகசியம் அவர் எழுதியது என்பது அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. அவருக்குத் தனி எபிசோடே பண்ணலாம், பண்ணுவோம்.

இதுவரை சொன்னவர்களில் ஒரு பள்ளி வாத்தியார், ஒரு செமினார் மாணவர், ஒரு நோட்ஸ் எடுத்த பையன், ஒரு பயிற்சி வகுப்பு ஆசிரியர். அடுத்ததும் ஒரு வகுப்புதான். 1969–70-ல் பெர்க்லியில் ரொனால்ட் ரோரர் என்ற இளம் ஆசிரியர் சர்க்யூட் சிமுலேஷன் பற்றி ஒரு கோர்ஸ் எடுத்தார். பாடமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதணும். டொனால்ட் பெடர்சன் என்ற மூத்த பேராசிரியர் அதைப் பார்த்து ஓகே சொன்னால் எல்லாரும் பாஸ், இல்லாவிட்டால் எல்லாரும் ஃபெயில். அதில் லாரன்ஸ் நேகல் என்ற மாணவர் இருந்தார். பெடர்சன் ஓகே சொன்னார். அந்தப் புரோகிராமுக்கு வைத்த பேர் கேன்சர். சுருக்கப் பேர்தான், விரித்தால் கடைசி இரண்டு சொல் 'கதிர்வீச்சு நீங்கலாக' என்று வரும். அப்போ இந்த மாதிரி புரோகிராம்களுக்குப் பணம் ராணுவத்திலிருந்து வரும், அணுகுண்டு வெடித்தால் சர்க்யூட் தாங்குமா என்று கணக்குப் போடச் சொல்வார்கள். வியட்நாம் போர்க் காலத்துப் பெர்க்லி பசங்க, அதெல்லாம் நாங்க பண்ண மாட்டோம் என்று பேரிலேயே எழுதிவிட்டார்கள்.

அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்பைஸ். 1973-ல் வெளி உலகத்துக்கு அறிமுகமானது. பெடர்சன் அதை யார் கேட்டாலும் கொடுத்தார். இன்றைக்கு நீங்க லேபில் திறக்கிற சிமுலேட்டர்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். உள்ளே என்ன நடக்கிறது? கிர்ஹாஃபின் சந்திப்பு விதியை ஒவ்வொரு சந்திப்புக்கும் எழுதி, மொத்தமாகத் தீர்ப்பது.

அப்படியென்றால் கணக்கை மெஷின் போட்டுவிடும். மாணவருக்கு என்ன மிச்சம்? இப்போ புதிருக்கு வருவோம்.

விடை: 1, 4, 5 மூன்றும் ஒரே வெளிச்சம். 2, 3 இரண்டும் தங்களுக்குள் சமம், ஆனால் மற்றவற்றைவிடக் கம்மி. பேரலலில் இருக்கிற ஒவ்வொரு பல்புக்கும் முழு பேட்டரியும் கிடைக்கிறது, தனியா இருந்த 1-க்குக் கிடைத்த மாதிரியே. சீரிஸில் இருக்கிற இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

தப்பு போட்டிருந்தா வெட்கப்படாதீங்க. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டர்மாட், பீட்டர் ஷாஃபர் இருவரும் இதே புதிரை, பாடம் நடத்தி முடித்த பிறகு, கால்குலஸ் படித்த கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். 1992-ல் வெளியிட்டார்கள். சரியாக வரிசைப்படுத்தியது சுமார் 15 சதவீதம் பேர். இவங்க கிர்ஹாஃப் சமன்பாடு எழுதத் தெரிந்தவர்கள். தப்பு எங்கே என்றால் இரண்டு நம்பிக்கைகளில். ஒன்று, கரன்ட் போகப் போகச் செலவாகும், முதல் பல்பு சாப்பிட்ட மிச்சம்தான் இரண்டாவதுக்கு. இரண்டு, பேட்டரி எப்பவும் ஒரே அளவு கரன்டைத்தான் அனுப்பும், எதை மாட்டினாலும். முதல் நம்பிக்கை இருந்தால் 2 என்பது 3-ஐவிடப் பிரகாசம் என்று எழுதுவோம். இரண்டாவது இருந்தால் 4, 5 மங்கல் என்று எழுதுவோம்.

என் சித்தி பையன் எப்படி எழுதினான் தெரியுமா? 1 முதல், 2 அடுத்தது, 3, 4, 5 கடைசி. இரண்டு நம்பிக்கையும் ஒரே விடையில். சமன்பாடு எழுதத் தெரியும், தீர்க்கத் தெரியும். ஆனால் மனசுக்குள்ளே ஓடுகிற படம் வேற. எண் வந்தால் அது சரியா தப்பா என்று சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. "கரன்ட் எங்கே போகுதுன்னே தெரியல" என்று அவன் சொன்னது ரொம்பத் துல்லியமான வாக்கியம்.

மெக்டர்மாட் குழு இதற்கு எடுத்த வழி, இன்னொரு ஃபார்முலா கொடுப்பது இல்லை. நிஜ பேட்டரி, நிஜ பல்பு, ஒரு கம்பி. முதலில் என்ன நடக்கும் என்று எழுது, ஏன் என்றும் எழுது. பிறகு மாட்டிப் பார். எழுதினதும் நடந்ததும் ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போகும்வரை பக்கத்தில் இருப்பவரோடு வாதம் பண்ணு. எண்கள் ரொம்பத் தாமதமாகத்தான் வரும். பார்த்தால், ஓம் கொலோன் லேபில் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

நாங்களும் அதையே செய்தோம். அடுத்த வாரம் அவன் ஊருக்கு வந்தபோது ரிச்சி ஸ்ட்ரீட் போய் டார்ச் பல்பு ஐந்து, ஹோல்டர், பேட்டரி வாங்கினோம். ஒன்றும் பெரிய செலவு இல்லை. 2-உம் 3-உம் ஒரே மாதிரி எரிந்தபோது அவன் பல்பைக் கழற்றி இடம் மாற்றி மாட்டிப் பார்த்தான். அப்புறம் பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். "அப்ப எதைத்தாண்ணா செலவு பண்ணுது?" என்றான். அந்தக் கேள்வியில் அரை மணி நேரம் போச்சு. கரன்ட் செலவாகவில்லை, எனர்ஜி செலவாகிறது, அந்த வித்தியாசத்துக்குப் பேர்தான் வோல்டேஜ் என்ற இடத்துக்கு அவனே வந்தான். 4, 5 இரண்டையும் சின்ன பேட்டரியில் மாட்டியபோது 1-ஐவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் எரிந்தது. புத்தகத்தில் சமம் என்று இருக்கே என்று என் முகத்தைப் பார்த்தான். நான் ஓமோட 'ஆ'-வைச் சொன்னேன். பேட்டரிக்குள்ளேயும் தடை இருக்குடா.

இன்டர்னலில் அவனுக்கு மார்க் கம்மிதான், அதை மறைக்க விரும்பவில்லை. டிபார்ட்மென்ட் மாற்றுகிற பேச்சு இப்போதைக்கு இல்லை. நேற்று மறுபடி போன். சிமுலேட்டரில் பிரிட்ஜ் போட்டானாம், சிங்குலர் மேட்ரிக்ஸ் என்று எர்ரர் வருதாம்.

"கிரவுண்ட் போட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இல்லண்ணா. பேட்டரியோட மைனஸ்தான் இருக்கே, அது எதுக்கு?"

நான்கு சந்திப்புக்கும் கரன்ட் சமன்பாடு எழுதி நான்கையும் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு சந்திப்பிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு கரன்டும் இன்னொரு சந்திப்புக்குள்தானே போகுது. பேப்பர் புரள்கிற சத்தம் கேட்டது.

"பூஜ்யம் சமம் பூஜ்யம்னு வருதுண்ணா."

"வரும். 1847-லயே வந்துச்சு."